வெண்புள்ளி நோய்: புள்ளி மறைந்த பிறகும் மருந்தை ஏன் தொடர வேண்டும்?

மீன் தொட்டி பற்றிய வாசகர் கேள்விகளில் இந்த முறை பெரும்பாலானவை ஒரே நோயைச் சுற்றியே வந்திருக்கின்றன. எனவே பகுதி முழுவதையும் வெண்புள்ளி நோய்க்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஏஞ்சல் மீனின் வால் துடுப்பில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்த அன்றே மருந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் புள்ளி. மருந்து போலியா?

மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம். அது தண்ணீரில் இருந்தது, நோய்க்கிருமி மீனின் தோலுக்குள் இருந்தது. இரண்டும் இன்னும் சந்திக்கவே இல்லை.

இந்த நோயைக் கொடுப்பது ஒரு செல் உயிரி. அதன் பெயர் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ். 'மீன் பேன், பல பிள்ளைகள் உடையது' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். அது உண்மையில் பேன் இல்லை, ஆனால் பல பிள்ளைகள் என்பது உண்மை. அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்குள்ள செல்களைத் தின்று, சுழன்றபடியே வளர்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை வளரும்போது அது நம் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. அதன் மேலே மீனின் தோலும் கோழையும் மூடியிருப்பதால் தண்ணீரில் கலந்த எந்த மருந்தும் அதைப் போதுமான அளவில் எட்டாது.

வளர்ந்து முடித்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே விழும். கூழாங்கல், செடி, கண்ணாடி என எதிலாவது ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படியே பிரிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் அளவிலேயே சில நூறு முதல் ஆயிரம் குஞ்சுகள் வரை வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். மருந்தோ உப்போ கொல்வது இந்த நீந்தும் கட்டத்தை மட்டுமே.

ஆகவே நீங்கள் மூன்றாம் நாள் பார்த்த புள்ளிகள், மருந்து ஊற்றுவதற்கு முன்பே தோலுக்குள் போனவை. அவை வளர்ந்து இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. மருந்தை மாற்றாதீர்கள். குழப்பத்தில் இரண்டாவது மருந்தையும் சேர்த்து ஊற்றுவதுதான் மீன்களைக் கொல்கிறது.

கேள்வி: ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. நிறுத்திவிடலாமா?

கூடாது. மீன் மேல் இருந்தது தரைக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த அலை அங்கிருந்துதான் வரும். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் தொடருங்கள். இது 25, 26 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கான கணக்கு. அந்தச் சூட்டில் கிருமியின் முழுச் சுற்றும் ஏறத்தாழ 3 முதல் 6 நாளில் முடிந்துவிடும். தண்ணீர் குளிராக இருந்தால் சுற்று நீளும். 10 டிகிரியில் ஐந்து வாரம்கூட ஆகலாம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு வாரம் மருந்து போட்டுவிட்டு 'குணமாகிவிட்டது' என்று நினைப்பவர்கள்தான் அடுத்த மாதம் இதே கேள்வியுடன் திரும்பி வருகிறார்கள்.

கேள்வி: மருந்து இல்லாமல் உப்பும் சூடும் கொண்டே குணப்படுத்த முடியுமா? என் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். டெட்ராக்களும் கப்பிகளும் இருக்கின்றன.

ஆரம்ப நிலையில் முடியும். நன்னீர்த் தொட்டிகளுக்கு நாங்கள் முதலில் சொல்லும் வழியும் இதுதான்.

முதலில் தண்ணீரின் உண்மையான அளவைக் கணக்கிடுங்கள். தொட்டியின் உயரத்தை எடுக்காமல் தண்ணீர் நிற்கும் உயரத்தை எடுங்கள். அது 32 செ.மீ. என்றால் 60 × 30 × 32 = 57,600 கன செ.மீ., அதாவது 57.6 லிட்டர். மணலும் கற்களும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தானாலும் உப்பானாலும் இந்த 50-க்குத்தான் அளவு. தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லிட்டர் எண்ணை நம்பி ஊற்றினால் அளவு கூடிவிடும்.

உப்பு லிட்டருக்கு 2 கிராம். உங்களுக்கு மொத்தம் 100 கிராம் வேண்டும். கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் ஒரு கரண்டியில் நிற்கும் எடை வேறு. வாசனையோ வேறு சேர்மானமோ இல்லாத வெறும் உப்பாக இருக்கட்டும். 100 கிராமையும் ஒரேயடியாகக் கொட்டாமல் 25 கிராம் வீதம் நான்கு பங்காக்கி, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு சேருங்கள். ஒவ்வொரு பங்கையும் ஒரு குவளைத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். கரையாத கல் மீனின் மேலோ செடியின் மேலோ கிடந்தால் அந்த இடம் வெந்துபோகும்.

சூட்டை ஒரு நாளைக்கு 2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 26-இல் தொடங்கி இரண்டு நாளில் 30-க்குக் கொண்டுவந்து, பத்து முதல் பதினான்கு நாள் அங்கேயே வைத்திருங்கள். 30 டிகிரியில் இந்தக் கிருமியின் பெரும்பாலான வகைகளால் பெருக முடியாது. ஹீட்டரில் உள்ள குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியை, ஹீட்டருக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.

இந்த முறையில் மீன் சாவது பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 தான். செவுளில் புண்ணோடு இருக்கும் மீனுக்கு இந்தக் குறைவு பெரிது. எனவே சூட்டை ஏற்றுவதற்கு முன்பே காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடட்டும், தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கட்டும்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை, குழாய் வைத்து மணல் பரப்பை உறிஞ்சி எடுத்து, 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். தரையில் கூடு கட்டியிருப்பவற்றில் ஒரு பங்கு குஞ்சு விடுவதற்கு முன்பே வெளியே போய்விடும். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் அதே சூட்டிலும் இருக்க வேண்டும். 15 லிட்டர் எடுத்தால் 15 லிட்டருக்கான 30 கிராம் உப்பை மட்டும் திரும்பச் சேருங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஊற்றும்போது உப்பு சேர்க்கக் கூடாது. உப்பு ஆவியாவதில்லை.

கேள்வி: கோல்டு ஃபிஷ்ஷுக்கும் இதே முறைதானா?

சூடு வேண்டாம், அது குளிர்ந்த நீர் மீன். உப்பை லிட்டருக்கு 3 கிராம் வரை தாங்கும். நாட்கள் கூடும், பொறுமை வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். புள்ளிகள் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் ஒரே சீராக வரிசை கட்டியிருந்து, மீன் சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயே இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு வரும் முளைகள் அவை. அதற்கு மருந்து ஊற்றுவது ஆரோக்கியமான மீனைப் பாடுபடுத்துவதாகும்.

கேள்வி: வேறு எந்த நோய்களை வெண்புள்ளி என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டு?

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மீனின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். வெண்புள்ளி நோயில் ஒவ்வொரு புள்ளியும் உப்புத் தூள் தூவியதுபோலத் தனித்தனியாக, தோலிலிருந்து சற்றே மேடாகத் தெரியும். மாவு அளவுக்கு மிக நுண்ணிய, மஞ்சள் கலந்த பொன் துகள் படிந்ததுபோல மின்னினால் அது வெல்வெட் நோய். அதற்குச் சிகிச்சை வேறு, அவசரமும் அதிகம். சிறிதும் பெரிதுமாக, காலிஃப்ளவர் மாதிரி திரண்டு, வாரக்கணக்கில் இடம் மாறாமல் நின்றால் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டியாக இருக்கலாம். வெண்புள்ளி ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்காது. சில நாளில் உதிர்ந்து, வேறு இடத்தில் முளைக்கும். இந்த ஒரு அடையாளமே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

கேள்வி: மீன் மேல் புள்ளியே இல்லை. ஆனால் கற்களில் உரசுகிறது, மேற்பரப்பில் நின்று வாயைத் திறந்து மூடுகிறது.

செவுளைச் சந்தேகியுங்கள். இந்தக் கிருமி சில சமயம் செவுளில் மட்டுமே குடியேறும், வெளியே ஒன்றும் தெரியாது. மீன் சரேலென்று சாய்ந்து விலாவைக் கல்லில் தேய்த்துவிட்டு நகரும். செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும். ஆனால் மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் கூடினாலும் இதே அறிகுறிகள்தான். எனவே முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யம் என்று வந்து, அண்மையில் புது மீன் விட்டிருந்தால், புள்ளிக்காகக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த மருந்தை, புட்டியில் சொன்ன அளவுதான் ஊற்றினேன். இரவுக்குள் இரண்டு மீன் செத்துவிட்டன. ஏன்?

தொட்டியின் உண்மையான கொள்ளளவு, தண்ணீரின் சூடு, உள்ளே இருக்கும் மீன் வகை, இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

கொள்ளளவு பற்றி மேலே சொல்லிவிட்டோம். சூட்டைப் பொறுத்தவரை, ஃபார்மலின் மீனுக்கும் விஷம்தான், தண்ணீர் சூடாக இருக்கும்போது அதன் கடுமை கூடும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் அது குறைத்துவிடும். 30 டிகிரிக்குச் சூடேற்றிய தொட்டியில் இந்த மருந்தையும் ஊற்றினால் மீன் திணறிச் சாகும். சூட்டு முறை, மருந்து முறை இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் வகையில், செதில் இல்லாத கெளுத்தி இனங்களும் லோச்சுகளும் மாலகைட் கிரீனை முழு அளவில் தாங்குவதில்லை. நியான் டெட்ராவும் அப்படித்தான். அவை இருக்கும் தொட்டிக்குப் பாதி அளவு போதும். அவற்றுக்கு உப்பையும் லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, மீனைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஃபார்மலின் புட்டியின் அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் அந்தப் புட்டியைப் பயன்படுத்தவே கூடாது. அது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்கு மிகக் கொடிய விஷம். குளிரில் வைத்த புட்டிகளில் இது உண்டாகும்.

மருந்து ஊற்றும் முன் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். புற ஊதா விளக்கு இருந்தால் அணையுங்கள். மாலகைட் கிரீன் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் தொட்டி விளக்கையும் அணைத்து வைப்பது நல்லது. அடுத்த வேளை மருந்துக்கு முன் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவை இந்த மருந்துகள் பாதிக்கக்கூடும். எனவே தீனியைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியாவை நாள்தோறும் சோதித்து வாருங்கள்.

கையுறை போடாமல் இந்த மருந்தைத் தொடாதீர்கள். ஃபார்மலின் ஆவியை முகரக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். உண்பதற்காக வளர்க்கும் மீனுக்கு மாலகைட் கிரீனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: தொட்டியில் இறாலும் நத்தையும் செடிகளும் இருக்கின்றன. என்ன செய்வது?

மீனை வெளியே எடுங்கள். வெறும் தரை, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. சிகிச்சைத் தொட்டிக்கு இவ்வளவு போதும். எல்லா மீன்களையும் மாற்ற வேண்டும். புள்ளி இல்லாத ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் கிருமிக்கு அதுவே வீடாகிவிடும்.

தாமிரம் கலந்த மருந்தை இறாலும் நத்தையும் தாங்காது. தாமிரம் மணலிலும் படிந்து நிற்கும் என்பதால், பிறகு இறால் விட நினைக்கும் தொட்டியில் அதை ஊற்றவே வேண்டாம். செடிகளில் பல லிட்டருக்கு 2 கிராம் உப்பிலேயே வாடத் தொடங்கும். மீன் இல்லாத பெரிய தொட்டிக்கு மருந்தே தேவையில்லை. 26 டிகிரியில் இரண்டு வாரம் மீனில்லாமல் ஓடட்டும், கிருமி தானாகவே பட்டினியில் சாகும். இறாலும் நத்தையும் அதற்கு இரையாகாது. ஆனால் நத்தையின் ஓட்டில் அதன் கூடு ஒட்டியிருக்கலாம். ஆகவே அந்த நத்தையை அதற்குள் வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆறு மாதமாகப் புது மீன் வாங்கவில்லை. பின் எப்படி வந்தது? இந்தக் கிருமி எப்போதும் தண்ணீரில் இருக்கும் என்கிறார்களே?

பரவலாக நம்பப்படும் தவறு அது. மீன் இல்லாமல் இந்தக் கிருமியால் வெகுநாள் வாழ முடியாது, தூங்கிக் காத்திருக்கும் கட்டமும் அதற்கு இல்லை. வந்தது என்றால் ஏதோ ஒன்றோடு வந்தது. புதிதாக வைத்த செடி, இன்னொரு தொட்டியில் முக்கிய ஈரமான வலை, கடைத் தண்ணீர் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முறை பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அப்படிப்பட்ட மீனின் செவுளில் ஒன்றிரண்டு தங்கி, வெளியே தெரியாமல் சுற்று ஓடிக்கொண்டிருக்கவும் முடியும். ஹீட்டர் பழுதாகித் தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் மீனின் எதிர்ப்பு தளர்ந்து, ஒளிந்திருந்தது வெளியே வரும்.

புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அந்தத் தொட்டிக்கென்று தனி வலையும் தனி உறிஞ்சு குழாயும் இருக்கட்டும். ஒரே வலைதான் என்றால் ஒவ்வொரு முறையும் வெயிலில் முழுவதும் காயவிடுங்கள். காய்ந்தால் கிருமி பிழைக்காது.

கேள்வி: கடல் மீன் தொட்டிக்கும் இந்தச் சிகிச்சை பொருந்துமா?

பொருந்தாது. அங்கே வெண்புள்ளி உண்டாக்குவது கிரிப்டோகாரியன் இரிடன்ஸ் என்ற வேறு உயிரி. அதன் கூடு பல வாரம் குஞ்சு விடாமல் கிடக்கும். எனவே மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுக்கும்போது, பவளமுள்ள பெரிய தொட்டியைப் பத்து வாரத்துக்கு மேல் மீனில்லாமல் வைத்திருக்க வேண்டும். தாமிரத்தின் அளவைச் சோதனைக் கருவி கொண்டு நாள்தோறும் பாருங்கள். சற்றுக் குறைந்தால் வேலை செய்யாது, சற்றுக் கூடினால் மீன் தாங்காது.