புதனின் சோடியம் வால் படத்தில் விழவில்லையா?

வணக்கம். 8 அங்குலத் தொலைநோக்கியில் 2 விநாடிப் படமெடுத்தும் புதனின் வால், அதாவது சூரிய ஒளி புதனிலிருந்து தள்ளிவிடும் சோடியம் அணுக்களின் மங்கலான நீட்சி, தெரியவில்லை என்கிறீர்கள். தொலைநோக்கியே வேண்டாம், வால் சில பாகை நீளம், அதன் பார்வைப் பரப்பில் அடங்காது. 135 மி.மீ. லென்ஸ், விண்மீன்களைப் பின்தொடரும் தாங்கி, சோடியத்தின் மஞ்சள் ஒளியை (589 நானோமீட்டர் அலைநீளம்) மட்டும் விடும் 10 நானோமீட்டர் அகல வடிகட்டி போதும். 30–60 விநாடிப் படங்கள் பத்துப் பதினைந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். புதன் வெளுத்துப் போகட்டும், கவலையில்லை.

நாள்தான் முக்கியம். புதன் சூரியனுக்கு மிக அருகில் வரும் நாளில் வால் மங்கல். அப்போது சூரியனை நோக்கிய, விலகிய வேகம் சுழி; அதனால் அலைநீளம் விலகாமல், சோடியம் அணுக்களுக்குச் சூரிய நிறமாலையின் இருண்ட கோடுதான் (சூரியனிலுள்ள சோடியமே ஒளியை உறிஞ்சிவிட்ட இடம்) கிடைக்கும், தள்ள ஒளியழுத்தம் போதாது. அதற்குச் சுமார் 16 நாள் முன்போ பின்போ முயலுங்கள். பக்கத்தில் மஞ்சள் சோடியம் தெருவிளக்கு இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வடிகட்டி அதையும் அப்படியே உள்ளே விட்டுவிடும்.