மனசு சரியில்லை, அடிவயிற்று ஸ்கேன் எதற்கு? கேள்வி-பதில்

கே: என் அக்கா மகளுக்கு 21 வயது. ஒரு வாரம் காய்ச்சல், தலைவலி. அப்புறம் தூக்கமே இல்லை. யாரோ திட்டுகிறார்கள் என்கிறாள். மனநல மருத்துவரோ முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், அடிவயிற்றையும் ஸ்கேன் பண்ண வேண்டும் என்கிறார். பணம் பிடுங்குகிறார்களா?

ப: இல்லை, உங்கள் டாக்டர் கெட்டிக்காரர். அவர் சந்தேகப்படுவது என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சியாக இருக்கும். 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் அடையாளம் காட்டிய நோய். கிருமியோடு சண்டை போட வேண்டிய ஆன்டிபாடிகள், மூளை நரம்பணுக்களின் மேலிருந்து செய்தி வாங்கும் புரதங்களான ஏற்பிகளைப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. இளம்பெண்களில் பலருக்கு சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். அதைத் திறந்தால் முடி, பல், சில நேரம் நரம்புத் திசுகூட உள்ளே கிடக்கும். அந்தத் திசுவை எதிர்த்துக் கிளம்பிய படைதான் மூளையிலும் புகுந்துவிடுகிறது. முதுகில் நீர் எடுப்பது அந்த ஆன்டிபாடிகளைத் தேட; வயிற்று ஸ்கேன் இந்தக் கட்டியைத் தேட. கட்டியே இல்லாமலும் வரலாம். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் வருவதுண்டு.

நான் முதன்முதலில் பார்த்த பெண்ணை, சாமி வந்திருக்கிறது என்று மூன்று கோயில் சுற்றிவிட்டு அழைத்து வந்தார்கள். கையைத் தூக்கிவிட்டால் அப்படியே அந்தரத்தில் நின்றது. வாய் மட்டும் வெற்றிலை மெல்வதுபோல அசைந்துகொண்டே இருந்தது. நானும் மனச்சிதைவு என்றே நினைத்து மாத்திரை கொடுத்தேன். உடம்பு இன்னும் விறைத்தது. ஐந்தாம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சிகிச்சை என்றால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஊசி, ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்று, கட்டி இருந்தால் அறுவை. மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் பத்தில் எட்டுப் பேர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம். ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: அப்பாவுக்கு 76 வயது. இரண்டு நாளாக ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார். காய்ச்சல் இல்லை. மறதி நோயா?

ப: மறதி நோய் இரண்டு நாளில் வராது. பாட்டிமார் ஜன்னி என்பார்களே, அதுவாக இருக்கலாம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ காய்ச்சலே காட்டாமல் இப்படி வெளிப்படும். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கே: மனச்சோர்வுக்குக் காரணம் உடம்பில் உள்ள அழற்சி என்று படித்தேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

ப: வேண்டாம். அழற்சிக்குச் சம்பந்தம் உண்டு என்பது சரி. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், நன்றாக இருந்தவர்களில் பலரே மனச்சோர்வில் விழுந்தார்கள். ஆனால் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சியை அடக்கும் மருந்தைச் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. ஆக, மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் அழற்சி இல்லை. ஆன்டிபயாட்டிக்கோ வேறு சங்கதி; அது பாக்டீரியாவைக் கொல்லத்தான்.

கே: வீட்டில் பூனை வளர்க்கிறோம். மனச்சிதைவு வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

ப: பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்கும் மனச்சிதைவுக்கும் ஏதோ தொடர்பு சில ஆய்வுகளில் தெரிகிறது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. சரியாக வேகாத கறியிலிருந்தும் அது வரும். மலத்தோடு வெளியேறி ஒரு நாளாவது கடந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வீட்டுக்காரர் பார்க்கட்டும்.