பிரிபடாத பங்கில் ஒரு மாடி வீடு

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடி வீடு மூன்று கோடி ரூபாவுக்கு விலைக்கு வந்திருக்கிறது. வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறேன். உரிமையாளர் ஜேர்மனியில் வசிப்பதால், அவருடைய மைத்துனர் அற்றோர்ணித் தத்துவத்தின் (தம் சார்பில் செயற்பட அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) பேரில் விற்கிறார். உறுதியில் காணியின் பிரிபடாத பங்கு என்றே எழுதப்பட்டுள்ளது. வீடு புதிதாக வர்ணம் பூசப்பட்டு அழகாக இருக்கிறது. இருபது இலட்சம் ரூபா முற்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே காட்டும் கொண்டோமினியம் வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பின்னரே ஒவ்வொரு வீடும் தனித்தனிச் சொத்தாகிறது. அது பதியப்படாத கட்டடத்தில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல. மற்ற உரிமையாளர்களோடு சேர்ந்து காணியில் ஒரு பங்கை மட்டுமே. அவர்களில் எவரும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் சொத்தைப் பிரித்துத் தரக் கோரி வழக்குத் தொடரலாம். வங்கிகள் இத்தகைய பங்கின் மீது கடன் தரத் தயங்குவதால், பின்னர் விற்க முனையும்போது ரொக்கமாகப் பணம் வைத்திருப்பவரையே தேட வேண்டியிருக்கும். முதலீட்டுக்காக வாங்குபவருக்கு இது சிறிய குறையல்ல. உங்களுக்குக் காட்டப்பட்ட வாகனத் தரிப்பிடமும் வரைபடத்தில் இல்லையென்றால் வெறும் வாய்ப்பேச்சுத்தான். அத்துடன், மாநகர சபை அனுமதித்த வரைபடத்தில் எத்தனை மாடிகள் உள்ளன என்பதையும், கட்டடம் அதன்படி கட்டப்பட்டதை உறுதிசெய்யும் சி.ஓ.சி. சான்றிதழ் உண்டா என்பதையும் பாருங்கள். மேல் மாடி அனுமதியின்றி எழுந்ததாக இருந்தால், அதன் சுமை உங்கள் நான்காம் மாடியின் மீதுதான் இருக்கிறது.

அற்றோர்ணித் தத்துவத்தைப் பொறுத்தவரை, நிழற்பிரதியை நம்பாமல் மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். அது பதியப்பட்டுள்ளதா, இந்தச் சொத்தை விற்கும் அதிகாரம் அதில் தெளிவாகத் தரப்பட்டுள்ளதா, பின்னர் இரத்துச் செய்யப்பட்டதா என்பவற்றை உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால், ஜேர்மனியில் இருப்பவருடன் நீங்களே வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள். மைத்துனருக்கு மனவருத்தம் வந்தால் வரட்டும்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடுவதே வழக்கம். ஈடு, நீதிமன்றத் தடை, நிலுவையிலுள்ள வழக்கு யாவும் அந்த ஏட்டில்தான் தெரியும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை தருகிறது. ஆகவே உறுதி முடித்த கையோடு அது பதிவுக்குப் போக வேண்டும். முத்திரை ஒட்டிய காகிதத்தில் எழுதி வாங்கும் முற்பணப் பற்றுச்சீட்டைக் கொண்டு விற்பவரைக் கட்டுப்படுத்த முடியாது. காணி தொடர்பான ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840இலிருந்து இருந்துவரும் சட்டம்.

புதிய வர்ணம் எனக்கு நம்பிக்கையைவிடச் சந்தேகத்தையே தருகிறது. கடலோரக் கட்டடங்களில் உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. வீட்டுக்குள் பார்ப்பதைவிட, வர்ணம் பூச எவரும் அக்கறைப்படாத கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், தூண்களின் அடியையும் வளைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கம்பியின் நீளவாட்டில் ஓடும் வெடிப்பும், செம்பழுப்பு நிறக் கறையும், தட்டினால் வெற்றொலி எழுப்பும் இடமும் இருந்தால், கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையின்றி விலை பேசவே வேண்டாம். ஒரு பெருமழை பெய்த மறுநாள் மொட்டை மாடியையும் பாருங்கள். மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, கழிவுக் குழாய் ஆகியவற்றைத் திருத்தும் செலவை யார் தருகிறார்கள் என்பதைக் குடியிருப்பவர்களிடமே கேளுங்கள். தரகரைவிட அவர்கள் அதிகம் சொல்வார்கள்.

முத்திரைத் தீர்வை வாங்குபவரின் செலவு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். மூன்று கோடிக்கு அது 11,99,000 ரூபா. உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். தீர்வை சொத்தின் சந்தைப் பெறுமதியின் மீதே கணிக்கப்படும்.

கேள்வி: தெஹிவளையில் ஒரு சிறு வீட்டை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் விற்கிறார். வீடு அவருடைய பெயரிலேயே உள்ளது. கணவர் பிரிந்து வாழ்கிறார். கணவரின் கையொப்பம் தேவையா?
– தெஹிவளை வாசகி

பதில்: அவருக்குத் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம், பொருந்துமானால் தேவை. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தமது அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்து மூலமான சம்மதத்துடனேயே விற்க முடியும். இது ஆளைப் பற்றிய சட்டம் என்பதால் வீடு தெஹிவளையில் இருப்பது விடுதலை தராது. கணவர் பிரிந்துபோனவராகவோ, நியாயமின்றிச் சம்மதம் மறுப்பவராகவோ இருந்தால், அந்தப் பெண்மணி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, கணவரின் சம்மதமின்றி விற்பதற்கான கட்டளையைப் பெறலாம். அது கைக்கு வந்த பிறகு பணத்தைப் பேசுங்கள். தேசவழமையிலுள்ள முன்கொள்வனவு உரிமை (பிறருக்கு விற்குமுன் பங்காளிகள் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமை) வட மாகாணக் காணிகளுக்கு மட்டுமே உரியது என்பதால், பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்கும் வேலை உங்களுக்கு இல்லை.