புண்ணாக்கை நிறுத்திவிட்டு மரத்தழையை மட்டும் வைத்து வெள்ளாடு வளர்க்க முடியுமா? எந்தத் தழை, எவ்வளவு?

சினையில்லாத, பால் வற்றிய பெட்டைகளுக்குச் சோளத்தட்டையும் (கதிர் அறுத்த பின் காய்ந்த தாள்) நல்ல மரத்தழையும் போதும், புண்ணாக்கே வேண்டாம். வளரும் குட்டி, சினையின் கடைசி இரண்டு மாதத்தில் இருக்கும் ஆடு, பால் கொடுக்கும் ஆடு ஆகியவற்றுக்கு அடியோடு நிறுத்தக் கூடாது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிடலாம்.

20 கிலோ குட்டியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஈரம் போக நாளுக்கு ஏறக்குறைய 700 கிராம் தீவனம் தின்னும். எடை ஏற வேண்டுமானால் அதில் புரதம் 14 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது 98 கிராம். சோளத்தட்டையில் இருப்பது 4 சதவீதம்தான், ஆகவே தழை இல்லாமல் இதை எட்டக் கடலைப் புண்ணாக்கு மட்டுமே 170 கிராம் பிடிக்கும். சவுண்டல் (சூபாபுல்), கிளைரிசிடியா, அகத்தி இலைகளில் உலர் எடையில் 20 முதல் 25 சதவீதம் புரதம் உண்டு. பச்சை இலை 800 கிராம், நறுக்கிய தட்டை 400 கிராம், தவிடு 60 கிராம் வைத்தால் புண்ணாக்கு 60 கிராம் போதும். 800 கிராம் என்பது ஆடு தின்னும் இலையின் எடை. குச்சியோடு வெட்டி வந்தால் ஒன்றரைக் கிலோவாவது தொங்கவிட வேண்டும்.

தவிட்டை விட்டுவிடாதீர்கள். மரத்தழையில் சுண்ணாம்புச்சத்து தாராளம், பாஸ்பரஸ் குறைவு. அந்தக் குறையைத் தவிடு ஈடுகட்டும். தட்டையும் தவிடும் கொடுக்கும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் இல்லாமல் தழையை மட்டும் அள்ளிப் போட்டால், வயிற்றில் உடையும் புரதம் அம்மோனியாவாகிச் சிறுநீரில் போய்விடும். தழை நிறையத் தின்றும் குட்டி தேறவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தாது உப்பும் கறியுப்பும் தினமும் வேண்டும்.

ஒரே மரத்தழையை நம்பாமல் கலந்து கொடுங்கள். சவுண்டலில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, கொழுந்தில் அதிகம். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நெடுநாள் போனால் முடி கொட்டும், எச்சில் வடியும், கழுத்தில் தைராய்டு வீங்கும், குட்டிகள் சவலையாகப் பிறக்கும். பழகிய ஆடுகளின் வயிற்றில் இந்த நச்சை முறிக்கும் நுண்ணுயிர் இருக்கும். 1980களில் ஹவாய்த் தீவின் ஆடுகளிலிருந்து அதை எடுத்துத்தான் ஆஸ்திரேலியாவில் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள். ஆகவே புதிதாக வாங்கி வந்த ஆட்டுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பத்து நாளில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். சினை ஆட்டுக்குச் சவுண்டலைக் குறைத்து அகத்தியைக் கூட்டுவது நல்லது.

கிளைரிசிடியாவை ஆடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும், வாடைதான் காரணம். மாலை வெட்டி இரவு பரப்பி வாடவிட்டு, காலையில் பழகிய தழையோடு கலந்து கட்டினால் சில நாளில் பிடித்துக்கொள்ளும். குவித்து வைத்துப் பூஞ்சணம் பிடித்ததை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், இரத்தம் உறையாமல் போகும் நச்சு அதில் உருவாகலாம். வேம்பு, ஆல், பலா ஆகியவற்றில் புரதம் 10 முதல் 15 சதவீதம்தான். வயிறு நிரப்பும், புண்ணாக்கின் இடத்தைப் பிடிக்காது. துவர்ப்பு மிகுந்த தழையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சத்தில் ஒரு பகுதி புழுக்கையோடு போய்விடும்.

தழையைத் தரையில் போட்டால் மிதித்துப் பாழாக்கும். கொத்தாகக் கட்டி ஆட்டின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். மழையில் நனைந்ததை நீர் வடிந்த பிறகே கொடுங்கள், இல்லையென்றால் கழியும்.

சவுண்டலை நட்டு ஆறு மாதம் கழித்து ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டலாம், அதன்பின் 40 முதல் 80 நாளுக்கு ஒருமுறை. அகத்தியை அப்படி மொட்டையடித்தால் பட்டுப்போகும், பக்கக் கிளைகளை மட்டும் ஒடியுங்கள். மழைக்காலத்தில் மிஞ்சும் சவுண்டல் கிளைகளைத் தார்ப்பாய் மேல் நிழலில் காயப்போட்டால் இலை தானே உதிரும். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் சாக்கில் கட்டி வைத்து, கோடையில் தவிட்டோடு பிசறிக் கொடுக்கலாம்.