அடிக்கரண்டி

அன்புள்ள அக்கா,

எனக்கு 43 வயது. படியேறினால் கால் சோர்ந்துவிடுகிறது. புரதம் போதவில்லை என்றார் டாக்டர். காலையில் பத்து பாதாம், சாயங்காலம் இரண்டு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, வாரம் இரண்டு நாள் பனீர் மசாலா என்று ஆரம்பித்தேன். மூன்றே மாதத்தில் 64 கிலோ 67 ஆகிவிட்டது. முட்டை வாங்குகிறோம், பிள்ளைகளுக்கும் அவருக்கும் சரியாகப் போய்விடுகிறது. எடை கூடாத புரத உணவு எது? புரதப் பவுடர் வாங்கலாமா? ராத்திரி சோற்றை நிறுத்தவா?

மாலதி

அன்புள்ள மாலதி,

வேர்க்கடலையை முதலில் பேசி முடித்துவிடலாம். அதில் 100 கிராமுக்குப் புரதம் 25 கிராம், கொழுப்பு கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் தின்றால், 7 கிராம் புரதத்தோடு 170 கலோரி உள்ளே போகிறது. அவித்த முட்டை ஒன்று 6 கிராம் புரதத்தை 75 கலோரிக்குள் தந்துவிடும். பாதாம், பனீர் கதையும் வேர்க்கடலை மாதிரிதான். வழக்கமான சாப்பாட்டில் ஒரு பிடிகூடக் குறைக்காமல், அதற்கு மேல் இத்தனையும் தின்றால் எடை ஏறாமல் என்ன செய்யும்?

பவுடர் வேண்டாம். ராத்திரி சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலோ கொள்ளோ வையுங்கள். சரி, அது போகட்டும்.

'பிள்ளைகளுக்கும் அவருக்கும் சரியாகப் போய்விடுகிறது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு வேளைச் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. மொத்தப் புரதம் 22 கிராம், சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். அம்மா கரண்டியை அடிவரை விட்டுத் துழாவி அப்பாவுக்கும் எங்களுக்கும் ஊற்றுவாள். கடைசியில் அவள் உட்காரும்போது சட்டியில் புளித்தண்ணீர்தான் இருக்கும். அதையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு தட்டு நிறையச் சோறு சாப்பிடுவாள். உடம்பு பருத்தது. 'நல்லா சாப்பிடுற உடம்பு' என்றார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 66 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எழுப்பி நிற்கவைக்க முயன்ற பிசியோதெரபிப் பெண், தொடையில் சதைப்பிடிப்பே இல்லை, நிற்க எங்கிருந்து பலம் வரும் என்று என்னைக் கேட்டாள். அத்தனை பருமனான உடம்புக்குள் பட்டினி இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். முதல் நாள் மத்தியானம், அடியிலிருந்து பருப்பாக அள்ளி ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். அப்பளம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அதைச் சட்டியிலேயே கவிழ்த்துவிட்டாள். 'பிள்ளைங்க வரட்டும்' என்றாள்.

உங்கள் மேல் கோபம் வருகிறது, மாலதி. பாதாமுக்கு அவ்வளவு காசு கொடுக்க முடிகிறது, அடுப்பில் வேகும் முட்டையில் ஒன்றை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லையா? உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பழைய 64 கிலோவுக்கு நாளைக்கு 53 கிராம். இரண்டு முட்டையில் 12, உலர்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் ஊறப்போட்டால் அந்தச் சுண்டலில் 10, மத்தி மீன் 100 கிராம் சாப்பிடும் நாளில் 20. மீதி பருப்பிலும் தயிரிலும் சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். எல்லாம் ஏற்கெனவே உங்கள் சமையலறையில் இருப்பவை. சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடைசியில் உட்காரும் பழக்கத்தை விடுங்கள். எல்லோரோடும் சேர்ந்தே உட்காருங்கள், கரண்டியை இன்னொருவர் கையில் கொடுங்கள். நாளைக்கு முட்டை அவிக்கும்போது உங்களையும் எண்ணிப் போடுங்கள். உரித்ததும் உங்கள் தட்டில் முதலில் வையுங்கள். பிள்ளை இன்னொன்று கேட்டால் புதிதாக அவித்துக் கொடுங்கள், அதை எடுத்துக் கொடுக்காதீர்கள்.