தேயிலை துளிர்க்கிறது, சைப்ரஸ் ஏன் காய்கிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. காற்றைத் தடுக்க ஓரத்தில் வைத்த சைப்ரஸ் வேலி உயர்ந்து நிழல் கட்டியது. ஏப்ரலில் தேயிலைக்குக் கவாத்து செய்தபோது அதையும் இடுப்பளவுக்கு வெட்டினேன். தேயிலை துளிர்த்துவிட்டது, வேலி மொட்டையாக நிற்கிறது. உரம் வைத்தால் வருமா?

பதில்: உரத்துக்குக் காசு போடாதீர்கள் ஐயா. சத்துக்குறை எதுவும் இல்லை, அந்தச் செடியின் குலமே வேறு.

வேலியடியில் கோலிக்குண்டு போல உருண்டைகள் கிடக்கும். காய்ந்த ஒன்றை எடுத்துப் பாருங்கள். செதில்கள் பிளந்த இடுக்கில் விதை மூடாமல் வெறுமனே இருக்கும். தேயிலைக் காயை உடைத்தால் ஓட்டுக்குள் விதை பத்திரமாக இருக்கும். விதைத் தாவரங்களின் பெரிய பிரிவே இதுதான். சைப்ரஸ், பைன் எல்லாம் திறந்த விதைத் தாவரங்கள். பலகையும் காகிதக்கூழும் டர்பன்டைனும் தருபவை. தேயிலை, கேரட், உருளை, பீன்ஸ், நெல் எல்லாம் மூடிய விதைத் தாவரங்கள். நம் சாப்பாடு அநேகமாக முழுவதும் இவற்றிலிருந்துதான்.

தேயிலையின் பழைய கட்டையில் பட்டைக்கடியில் மொட்டுகள் உறங்குகின்றன. வெட்டியதும் வேரில் சேர்ந்த மாவுச்சத்தைத் தின்று அவை எழும். கவாத்துக்கு முன் வேர்த்துண்டில் அயோடின் விட்டு, கருநீலமாகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். நெல், பூண்டு போல ஒற்றை வித்திலைத் தாவரமான, அதாவது முளைக்கும்போது ஒரே விதையிலை விடும் கிக்குயு என்ற மேய்ச்சல் புல்லுக்கு வேறு வழி. வளரும் இடம் அடியில் இருப்பதால் மாடு மேய மேய மேலே வரும். சைப்ரஸுக்கு இரண்டும் இல்லை. பச்சை மிஞ்சிய கிளையில் மட்டும்தான் வளரும், வெறும் கட்டை துளிர்க்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பாருங்கள். அடியில் பச்சைக் கிளை இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். ஒன்றுமே இல்லாதது போனதுதான். ஆனால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நம் ஊருக்கு உண்டு; அடியோடு எடுக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இடைவெளியில் ஜூன் மழையோடு தவிட்டுப்பழச் செடி வைக்கலாம். மெதுவாகத்தான் வளரும். ஆனாலும் நம் மலையில் இயற்கையாக வளரும் செடி, பிள்ளைகளுக்குப் பழமும் கிடைக்கும் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். தப்பித்த சைப்ரஸை இனி வருடாவருடம் பச்சை நுனியில் மட்டும் கத்தரியுங்கள்.