உச்சித் தவமும் மூன்று வரி டைரியும்: அண்ணாச்சியிடம் கேட்டவை

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலைத் தவத்துக்கு, அதாவது தியானத்துக்கு, வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. கையில் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கே: அண்ணாச்சி, உச்சந்தலையில் இருக்கிற சகஸ்ராரம் ஏழாவது சக்கரம், ஊதா நிறம் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

ப: ஆதாரம், அதாவது சக்கரம், ஆறு என்பதுதான் பழைய கணக்கு. ஒவ்வொன்றும் ஒரு தாமரை: முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு 4 இதழ், அப்புறம் 6, 10, 12, 16, புருவ மத்தியில் உள்ள ஆக்கினைக்கு 2. கூட்டினால் 50, அதன் இருபது மடங்குதான் உச்சியின் ஆயிரம் இதழ். ஆறையும் கடந்த இடம் அது. 16ஆம் நூற்றாண்டுச் சமஸ்கிருத நூலான சட்சக்கர நிரூபணம் அதை முழுநிலவைவிட வெளுத்த, கவிழ்ந்த தாமரை என்கிறது. வானவில் வரிசையும் ஊதாவும் போன நூற்றாண்டில் மேல்நாட்டில் சேர்ந்தவை. ஊதாவை நினைத்து உட்கார்ந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, பழைய நூலின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

கே: உச்சியில் கவனம் வைத்தால் பத்தே நிமிடத்தில் தலை பாரமாகிறது. சக்கரம் திறக்கிறதா? (வண்ணாரப்பேட்டை அக்கா)

ப: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா. மூடிய கண்ணை மேலே செருகி, புருவத்தை நெரித்து உட்கார்ந்தால் யாருக்கும் வலிக்கும். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சியில் இதற்குத்தான் சாந்தி தவம் வைத்திருக்கிறார்கள்: கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்குவது. ஐந்து நிமிடம் அதைச் செய்யுங்கள், பிறகு குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் வெறுங்காலோடு நடங்கள். இரண்டு மூன்று நாளாகியும் வலி விடவில்லை என்றால் பிரஷரையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். ‘அடைப்பு’ என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது.

கே: டைரியில் என்ன எழுதுவது?

ப: என் கூத்தைச் சொல்கிறேன். ஒரு மண்டலம், 48 நாள், ராத்திரி ஒரு மணி நேரம் உச்சியிலேயே உட்கார்ந்தேன். நோட்டு முழுக்க ‘ஒளி’, ‘பேரானந்தம்’. வீட்டுக்காரி எடுத்து வாசித்துவிட்டு, “இதே நாட்களில் நீங்கள் மூன்று மணி நேரம்தான் தூங்கினீர்கள், வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தீர்கள், அது எங்கே?” என்று கேட்டாள். பதில் இல்லை.

அதிலிருந்து மூன்றே வரி. எத்தனை நிமிடம் உட்கார்ந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று யாரிடம் சள்ளென்று விழுந்தேன். கனவு, காட்சி எல்லாம் பின்பக்கத்தில் போகட்டும். தவம் முடித்து எழுந்ததும் எழுதிவிடவேண்டும். மறுநாள் எழுதினால் மனசு மெருகு போட்டுவிடும். சனிக்கிழமை ஏழு நாளையும் சேர்த்து வாசியுங்கள்.

கே: சமநிலை வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ப: சக்கரத்தை அளக்கக் கருவி கிடையாது. மூன்றாவது வரியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். எனக்கு என் தம்பி பெயர் எட்டு வாரம் வந்தது. நிமிடத்தைக் கூட்டவில்லை, போய் அவனைப் பார்த்துப் பேசினேன்.

கே: பத்தாவது படிக்கும் மகனையும் உட்கார வைக்கலாமா?

ப: உச்சியில் வேண்டாம். மூச்சைக் கவனிக்கட்டும், சாயங்காலம் விளையாடட்டும்.

கே: சாரல் சீசனில் குற்றாலத்தில், உச்சியில் அருவி விழ நின்று தியானிக்கலாமா?

ப: பின்னால் நிற்கிற கூட்டம் விடாது தம்பி. குளித்து, தலையைத் துவட்டி, சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். அன்றைக்குத் தவம் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.